திருச்செந்தூர் பிள்ளைக்கு ‘உலகத் திறன்’ எங்கிருந்து வரும்? இங்கிலீஷ் மீடியம் மட்டும் போதுமா?

லிஸ்பன் நகரத்தில் 1554-ல் ஒரு சின்னப் புத்தகம் அச்சானது. பெயர் ‘கார்த்தில்யா’. போர்த்துகீசிய மொழியில் அரிச்சுவடி மாதிரியான தொடக்க நூலை அப்படித்தான் சொல்வார்கள். கிறிஸ்தவ ஜெபங்களைச் சொல்லித்தரும் அந்தப் புத்தகத்துக்குள் தமிழ் வாக்கியங்கள் இருந்தன. ஆனால் தமிழ் எழுத்தில் இல்லை, ரோமன் எழுத்தில். கூடவே போர்த்துகீசியமும். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் ஓடும் தங்கிலீஷுக்குத் தாத்தாவுக்குத் தாத்தா என்று வைத்துக்கொள்ளலாம். அதைத் தயாரித்தவர்கள் அப்போது லிஸ்பனில் இருந்த மூன்று தமிழர்கள்: வின்சென்ட் தெ நசரேத், ஜார்ஜ் கர்வாலோ, தோமா த க்ரூஸ்.

அடுத்த கால் நூற்றாண்டுக்குள், 1578-ல், கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்திலேயே அச்சாகிவிட்டது. அதற்குப் பின்னால் இருந்த அன்றிக்கே அன்றிக்கஸ், முத்துக்குளித்துறைக் கடற்கரையில் வாழ்ந்து தமிழ் படித்த போர்த்துகீசியப் பாதிரியார். அவர் கடைசிக் காலத்தைக் கழித்த புன்னைக்காயல், தாமிரபரணி கடலில் கலக்கும் இடம். திருச்செந்தூரில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

ஆக, இரண்டு மொழியில் பாடம் என்பது இந்தக் கடற்கரைக்குப் புதுசு இல்லை. இருந்தாலும் ‘குளோபல்’, ‘இன்டர்நேஷனல்’ என்று எழுதிய பள்ளி போர்டைப் பார்த்தால், அது என்னவோ நேற்றுதான் கப்பலில் வந்து இறங்கிய மாதிரி ஒரு பிரமிப்பு. எல்.கே.ஜி. அட்மிஷனுக்கு அலையும் இளம் பெற்றோருக்கு அந்த வார்த்தைகள் ஒரே அர்த்தத்தைத்தான் தருகின்றன: பிள்ளை இங்கிலீஷில் பேசும்.

அவ்வளவுதானா?

உலகத் திறன் என்றால் என்ன?

ஓ.இ.சி.டி. என்ற பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பு, 15 வயது மாணவர்களுக்கு ‘பீசா’ என்ற சர்வதேசத் தேர்வை நடத்துகிறது. 2018-ல் கணக்கு, அறிவியல், வாசிப்பு ஆகியவற்றோடு புதிதாக ஒன்றையும் சோதித்தார்கள். அதற்கு வைத்த பெயர் உலகத் திறன். அவர்கள் சொல்லும் விளக்கத்தை எளிமையாக்கினால் இப்படி வரும்: உள்ளூர் விஷயத்தையும் உலக விஷயத்தையும் அலசிப் பார்க்கத் தெரிய வேண்டும். அடுத்தவர் கண் வழியாக ஒரு விஷயத்தைப் பார்க்க வேண்டும். வேறு பண்பாட்டுக்காரரோடு மரியாதையாக, தயக்கமில்லாமல் பேசிப் பழக வேண்டும். கடைசியாக, எல்லோருக்கும் நல்லது நடக்க ஏதாவது செய்ய வேண்டும்.

கவனித்தீர்களா? இதில் எங்கேயும் இங்கிலீஷ் என்ற சொல்லே இல்லை.

27 நாடுகளும் பகுதிகளும் அந்தத் தேர்வை எழுதின. சிங்கப்பூர் முதலிடம், கனடா அடுத்து. இந்தியா அதில் இல்லை. தமிழ்நாடு பீசாவை ஒரே ஒரு முறை எழுதியிருக்கிறது. 2009 சுற்றின் நீட்சியாக நடந்த தேர்வில், இமாச்சலப் பிரதேசத்தோடு சேர்ந்து. பங்கேற்ற 74 இடங்களில் இரண்டும் கடைசிக்கு அருகே வந்தன. கேள்விகள் நம் பிள்ளைகளின் வாழ்க்கையோடு ஒட்டவில்லை என்று அப்போது வாதம் எழுந்தது. அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். அதற்காக, படித்ததைப் புரிந்துகொள்ளும் திறனில் இருந்த ஓட்டையை மறைக்க முடியாது.

இந்த ஓட்டை 15 வயதில் விழுவதில்லை. ஒன்றாம் வகுப்பிலேயே விழுந்துவிடுகிறது.

இரண்டு மொழி, ஒரே மூளை

தமிழ்நாட்டின் மொழிக் கொள்கை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1968 ஜனவரியில், அண்ணா முதல்வராக இருந்தபோது, சட்டமன்றத் தீர்மானத்தோடு இருமொழிக் கொள்கை வந்தது. தமிழ்க் கற்றல் சட்டம் வந்தது 2006-ல். 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் படிப்படியாகத் தொடங்கின. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் இருமொழியையே உறுதி செய்தது. எனவே தமிழ்நாட்டில் ஏறக்குறைய ஒவ்வொரு தொடக்கப் பள்ளியும் ஏதோ ஒரு வகையில் இருமொழிப் பள்ளிதான்.

சிக்கல் வகுப்பறைக்குள்தான். ஆங்கில வழிப் பிரிவில் என்ன நடக்கிறது? புத்தகம் இங்கிலீஷில். டீச்சர் விளக்குவது தமிழில். பரீட்சை மறுபடி இங்கிலீஷில். பிள்ளை என்ன செய்யும்? தமிழில் புரிந்ததை மூட்டை கட்டி வைத்துவிட்டு, இங்கிலீஷ் விடையை மனப்பாடம் செய்யும். புரிதல் ஒரு பக்கம், விடை ஒரு பக்கம். இரண்டும் சந்திப்பதே இல்லை.

கனடாவைச் சேர்ந்த கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1970-களின் கடைசியிலிருந்தே இதைப் பற்றி எழுதிவந்தவர். அவர் சொல்லும் உவமை பனிப்பாறை. கடலுக்கு மேலே இரண்டு முனைகள் தனித்தனியாகத் தெரியும். அவை இரண்டு மொழிகள். தண்ணீருக்குக் கீழே இரண்டும் ஒரே பாறை. ஒரு மொழியில் காரணம் சொல்ல, ஒப்பிட, கதையின் அடுத்த திருப்பத்தை ஊகிக்கப் பழகிய பிள்ளை, அந்தத் திறனை இன்னொரு மொழிக்கும் எடுத்துப் போகும். அடியில் பாறை உருவாகவில்லை என்றால் மேலே எத்தனை முனை தெரிந்தும் பயனில்லை.

அவர் சொன்ன இன்னொரு விஷயம் பெற்றோருக்கு முக்கியம். புது மொழியில் சகஜமாகப் பேசக் குழந்தைகளுக்கு ஓரிரு வருடம் போதும். ஆனால் அந்த மொழியில் பாடம் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு வர ஐந்து முதல் ஏழு வருடம் ஆகும். ‘மை நேம் இஸ்’ என்று பிள்ளை கடகடவெனச் சொல்கிறதே என்று யு.கே.ஜி.யிலேயே பூரித்துப்போகும் வீடுகள் நான்காம் வகுப்பில் அறிவியல் பாடம் வரும்போது திணறுவது இதனால்தான்.

ஆந்திரத்தில் 2020-21 வாக்கில் ஒரு வேலை செய்தார்கள். பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் தெலுங்கு, எதிர்ப் பக்கம் அதே பாடம் இங்கிலீஷில். வீட்டில் இங்கிலீஷ் தெரியாத அம்மாவும் பிள்ளையோடு உட்கார்ந்து பார்க்கலாம். இங்கே தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வேறு வழி. வகுப்பை மறந்துவிட்டு, பிள்ளை எந்த நிலையில் இருக்கிறதோ அதற்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, ஆட்டம் பாட்டத்தோடு அடிப்படையைக் கட்டுகிறார்கள். அடித்தளத்துக்கு இது தேவை. ஆனால் அடித்தளத்தின் மேல் என்ன கட்டப்போகிறோம் என்பது தனிக் கேள்வி.

கூப்பிடு தூரத்தில் உலகம்

பண்பாட்டு விழிப்புணர்வு என்றதும் பள்ளிகளில் நடப்பது என்ன? ஒரு நாள் குறிப்பார்கள். ஒரு பிள்ளைக்கு ஜப்பான் கிமோனோ, இன்னொன்றுக்கு அரபு உடை, ஒன்றுக்கு பஞ்சாபித் தலைப்பாகை. போட்டோ எடுப்பார்கள். பேஸ்புக்கில் போடுவார்கள். முடிந்தது.

திருச்செந்தூர்ப் பக்கத்துப் பிள்ளைக்கு இந்த வாடகை உடை தேவையே இல்லை. வடக்கே கொஞ்சம் போனால் காயல்பட்டினம். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ் புழங்கிய ஊர். அரபியில் இல்லாத ‘ட’, ‘ப’, ‘ள’ போன்ற ஒலிகளுக்காக, இருக்கிற எழுத்துகளில் புள்ளி சேர்த்துப் புது எழுத்துகளையே உருவாக்கினார்கள். கீழக்கரையிலிருந்து இலங்கை வரை அதில் எழுதினார்கள், படித்தார்கள். கொழும்பு வியாபாரமும் காயல்பட்டினமும் பிரிக்க முடியாதவை. தெற்கே போனால் மணப்பாடு. 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் வந்த கடற்கரை. குன்றின் மேல் 1581-ல் கட்டிய திருச்சிலுவைக் கோயில். நடுவே செந்திலாண்டவர் கோயில். அதையே 1640-களில் டச்சுக்காரர்கள் கைப்பற்றி வைத்திருந்த கதையும் உண்டு.

இதையெல்லாம் டூரிஸ்ட் கைடு மாதிரி மனப்பாடம் செய்ய வைத்தால் போரடிக்கும். வகுப்பில் வேறு மாதிரி எடுக்கலாம். வீட்டில் இருக்கும் பொருள்களின் பெயரைப் பிள்ளைகளிடம் எழுதி வரச் சொன்னால் போதும். சாவி, ஜன்னல், அலமாரி, மேசை எல்லாம் போர்த்துகீசியர் விட்டுச்சென்றவை. கக்கூஸ் டச்சு (இந்த இடத்தில் மூன்றாம் வகுப்பு முழுக்க சிரிக்கும், பரவாயில்லை). வக்கீல், வசூல், தாசில்தார் என்று அரபி, பாரசீகத்திலிருந்து வந்தவை ஒரு வரிசை. அப்படியே திருப்பினால், கட்டுமரமும் மிளகுதண்ணியும் இங்கிருந்து கிளம்பி இங்கிலீஷ் அகராதிக்குள் உட்கார்ந்திருக்கின்றன. மொழிகள் கொடுத்து வாங்கித்தான் வளர்ந்தன என்பதை இதைவிடச் சுலபமாக ஒரு எட்டு வயதுப் பிள்ளைக்குப் புரியவைக்க முடியாது.

இன்னொன்று. மீனவக் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளைக்கு வாடை, கொண்டல், சோழகம், கச்சான் தெரியும். வடக்கிலிருந்து அடித்தால் வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கு சோழகம், மேற்கு கச்சான். திசைகாட்டியே அதன் வாய்ச்சொல்லில் இருக்கிறது. வகுப்பிலோ ‘நார்த், சவுத்’ தெரியாத மக்குப் பிள்ளை என்று பெயர் வாங்கும். வகுப்பில் அந்த நான்கு சொற்களையும் கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் தமிழ்த் திசையும் இங்கிலீஷ் திசையும் எழுதினால், அன்றைக்கு அந்தப் பிள்ளைதான் டீச்சர்.

அமெரிக்கக் கல்வியாளர் ரூடின் சிம்ஸ் பிஷப் 1990-ல் எழுதிய ஒரு கருத்து உலகம் முழுக்க ஆசிரியர் பயிற்சிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. குழந்தைகளின் புத்தகம் கண்ணாடியாகவும் இருக்க வேண்டும், ஜன்னலாகவும் இருக்க வேண்டும் என்றார். தன் முகத்தையும் பார்க்கணும், அடுத்த வீட்டையும் பார்க்கணும். ஆறுமுகநேரி உப்பளம், உடன்குடி கருப்பட்டி என்று எதுவுமே பாடத்தில் தலைகாட்டாத பிள்ளைக்கு, வெறும் ஜன்னல் மட்டும் கிடைக்கிறது. எப்போதும் அடுத்தவர் வீட்டையே பார்த்துக்கொண்டிருக்கும் நிலை.

ராக்கெட் தளம் ஒரு பாடமானால்?

2024 பிப்ரவரி 28-ல் குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஏன் குலசை? தென் துருவம் நோக்கி ஏவும் ராக்கெட், ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து கிளம்பினால் இலங்கைக்கு மேல் பறக்கக் கூடாது என்பதற்காக வளைந்து போக வேண்டும். அதில் எரிபொருள் வீணாகும். சின்ன ராக்கெட்டுக்கு அது பெரிய இழப்பு. குலசையில் இருந்து தெற்கே நேராகக் கடல்தான்.

ஐந்தாம் வகுப்பில் ஒரு உலக வரைபடமும் ஒரு நூலும் இருந்தால் இதைக் காட்டிவிடலாம். அதோடு நிறுத்தினால் அது அறிவியல் பாடம். அடுத்த கேள்விக்குப் போனால்தான் மேலே சொன்ன உலகத் திறன் ஆரம்பிக்கிறது. நம் ராக்கெட் பக்கத்து நாட்டின் மேல் ஏன் பறக்கக் கூடாது? ஏவும் நாளில் கடலுக்குப் போக முடியாத மீனவர் இதை எப்படிப் பார்ப்பார்? திட்டத்துக்காக 2,000 ஏக்கருக்கும் மேல் நிலம் எடுக்கப்பட்டதே, அந்த நிலத்தைக் கொடுத்த வீட்டில் என்ன பேசியிருப்பார்கள்? இஸ்ரோவில் வேலைக்குச் சேரக் கனவு காணும் அக்கா என்ன சொல்வார்? நாலு பேராகப் பிரிந்து, தமிழில் பேசி, கடைசியில் ஐந்து வாக்கியம் இங்கிலீஷில் எழுதச் சொல்லலாம். சரி தப்பு என்று ஒரே விடை இல்லாத கேள்வி என்பதால் மனப்பாடமும் உதவாது.

ஆபீஸில் முதல் முறை வெளிநாட்டு டீமோடு வீடியோ காலில் உட்கார்ந்தவர்களுக்கு இது புரியும். அங்கே நாக்கைக் கட்டிப்போடுவது பெரும்பாலும் கிராமர் இல்லை. எதிரில் இருப்பவர் ஏன் அப்படி யோசிக்கிறார் என்று தெரியாததும், ‘எனக்கு இதில் உடன்பாடு இல்லை’ என்று சொல்லிப் பழகாததும்தான்.

பக்கத்து பெஞ்சைத் தாண்டாத உலகம்

இந்தப் பகுதியில் இதைப் பேசும்போது ஒன்றைத் தவிர்க்க முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த தலித் மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அதே பள்ளியில் படித்த மாணவர்கள். அடுத்த மாதமே தூத்துக்குடி மாவட்டத்தில், எட்டயபுரம் பக்கத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில், பட்டியலினப் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் சாப்பிடவில்லை என்று செய்தி வந்தது. காரணம் சாதி இல்லை, வேறு தகராறு என்று ஊரில் சிலர் சொன்னார்கள். கனிமொழி எம்.பி.யும் அமைச்சர் கீதா ஜீவனும் நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். காரணம் எதுவாக இருந்தாலும், தட்டைத் தள்ளி வைத்தது ஆறேழு வயதுப் பிள்ளைகள். அவர்களாக முடிவெடுத்திருக்க மாட்டார்கள்.

நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு ஒரு நபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளத்தை நீக்குவது, கையில் கலர் கயிறு கட்டத் தடை, மாணவர்களை அகர வரிசையில் உட்கார வைப்பது என்று பல பரிந்துரைகள். கயிறு விவகாரம் வெளியூர்க்காரர்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம். நெல்லைப் பக்கம் படித்தவர்களுக்குத் தெரியும், எந்தக் கலர் யாருடையது என்று.

ஜப்பானியரையும் அரேபியரையும் மதிக்கக் கற்றுக்கொடுக்கும் பள்ளி, அடுத்த தெருப் பிள்ளை தொட்ட டம்ளரைப் பற்றிப் பேசவில்லை என்றால் அந்தப் பாடம் வெறும் கண்காட்சி. ஒரே பள்ளிக்குள் தமிழ் வழி, ஆங்கில வழி என்று பிரியும் இரண்டு வரிசைகளும்கூட கவனிக்காவிட்டால் இன்னொரு கோடாகிவிடும். பிரேயரிலும் சாப்பாட்டிலும் விளையாட்டிலுமாவது இரண்டு மீடியமும் கலக்க வேண்டும்.

உலகத் திறனில் முதலிடம் வந்த சிங்கப்பூரிலும் ஆடை அணிந்து கொண்டாடும் நாள் ஒன்று உண்டு. ஜூலை 21, இன நல்லிணக்க நாள். பள்ளிகளில் 1997 முதல். ஆனால் அந்தத் தேதி சும்மா பொறுக்கியது இல்லை. 1964-ல் அதே ஜூலை 21-ல்தான் அங்கே மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே கலவரம் வெடித்தது. தங்கள் ஊரில் நடந்த அசிங்கமான விஷயத்தையே பிள்ளைகளுக்கான பாடமாக்கினார்கள். நம் பக்கத்துப் பள்ளிக் காலண்டரில் அப்படி ஒரு தேதி இல்லை.

புதுசாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தூத்துக்குடி ஆலைகளுக்கும் உடன்குடி அனல்மின் நிலையக் கட்டுமானத்துக்கும் வட மாநிலத் தொழிலாளர்கள் வந்தார்கள், சிலர் குடும்பத்தோடு. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் 2017-ல் ‘ரோஷ்னி’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. இந்தி, வங்காளம், ஒடியா தெரிந்த தன்னார்வலர்கள், காலையில் பிள்ளையின் மொழியில் ஆரம்பித்து மெல்ல மலையாளத்துக்கு மாற்றிவிடுவார்கள். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 350-ஏ பிரிவே சொல்கிறது. ‘தமிழ் தெரியாத பையன்’ என்று கடைசி பெஞ்சில் உட்காரும் ஒடியாப் பிள்ளையிடம் ‘கடலுக்கு உங்க ஊர்ல என்ன சொல்வாங்க?’ என்று கேட்கச் செலவே இல்லை.

யார் செய்வது?

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள். கிராமத்துப் பள்ளியில் 40 பிள்ளைகள் என்றால் 2 டீச்சர், 5 வகுப்பு. அதையே தமிழ் வழி, ஆங்கில வழி என்று பிரித்தால் தாளில் 10 வகுப்பு. அதற்கு மேல் ஆப்பில் பதிவு, காலை உணவுக் கணக்கு, இலவசப் பொருள் கணக்கு. ராக்கெட் பாடத்தை நாலு கோணத்தில் நடத்துங்கள் என்று அந்த டீச்சரிடம் போய்ச் சொன்னால், அவர் முறைப்பதில் நியாயம் இருக்கிறது. புதிதாக ஒரு ‘உலகத் திறன்’ பீரியட் சேர்த்தால் அது இன்னொரு ரெஜிஸ்டராகத்தான் முடியும். இருக்கிற தமிழ், இங்கிலீஷ், சூழ்நிலையியல் பாடங்களுக்குள்ளேயே உள்ளூர் உதாரணத்தை நுழைத்துத் தயாராகக் கொடுத்தால் ஓரளவு நடக்கும். அந்தந்த வட்டாரத்துக்கான பாடத் துணுக்குகளைத் தயாரிக்கும் வேலை மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனங்களால் முடியக்கூடியது.

அட்மிஷனுக்குப் போகும்போது என்ன கேட்கலாம்?

‘ஸ்போக்கன் இங்கிலீஷ் உண்டா’ என்று எல்லோரும் கேட்பார்கள். கூடவே வேறு சிலதும் கேட்கலாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை தமிழில் ஒரு கதையை வாசித்து, தன் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்லுமா? இங்கிலீஷ் பாடம் புரியாதபோது தமிழில் கேள்வி கேட்டால் ஃபைன் போடுவீர்களா? லைப்ரரிப் புத்தகங்கள் பீரோவில் பூட்டி இருக்கின்றனவா, பிள்ளைகள் கையில் இருக்கின்றனவா? வகுப்பில் உட்காரும் இடத்தை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? மதியம் எல்லாப் பிள்ளைகளும் ஒரே இடத்தில்தான் சாப்பிடுகிறார்களா?

கடைசி இரண்டுக்கும் பதிலை ஆபீஸ் ரூமில் கேட்பதைவிட, 12.30 மணி பெல் அடிக்கும்வரை காத்திருந்து வராண்டாவில் நின்று பார்ப்பது நல்லது.